நாலு டிஸ்க்கும் ஜெயஷீலாவின் பேரும்

என் சித்தி மகள் முத்துக்கனிக்கு இந்த உலகத்தில் இரண்டு சொந்தம்தான் பெரிது. ஒன்று அவள் மகள் ஜெயஷீலா. மற்றது அவள் தம்பி வீடு. தம்பி நாசரேத்தில் இருக்கிறான். முத்துக்கனியின் புருஷன் செத்தபோது ஜெயஷீலாவுக்கு நாலு வயது. பதினாறாம் நாள் முடிந்த கையோடு வேன் பிடித்து வந்து, அக்காளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய், பதினெட்டு வருஷம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவன் அந்தத் தம்பி. அந்தச் சோற்றை முத்துக்கனி இன்றுவரை மறக்கவில்லை. மறக்கக்கூடாததுதான். ஆனால் அந்த நன்றியை யார் தலையில் ஏற்றினாள் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

ஜெயஷீலா படித்து, வேலைக்குப் போய், அம்மாவை எங்கள் ஊரான சாயர்புரத்துக்கே திரும்பக் கூட்டி வந்து வாடகை வீட்டில் வைத்தாள். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சி. கப்பலில் வருகிற, போகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். முதலாளி பேர் சிவனணைந்தபெருமாள். ஆற்றங்கரை ஊரில் நெல் வயலை விட்டுவிட்டு உப்புக்காற்றுக்கு வந்த மனுஷன். கோபக்காரர், ஆனால் நியாயம் தெரிந்தவர். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் ஜெயஷீலா பொறுப்பு. பதினொரு வருஷமாக ஒரு குறை சொல்ல விட்டதில்லை.

அந்த ஆபீஸின் காகிதம் முழுக்க ஒரு சர்வரில் இருந்தது. பெரிய இட்லிக் கொப்பரை அளவுதான் இருக்குமாம். அதற்குள் நாலு டிஸ்க். நாலையும் மேய்க்க ஒரு கன்ட்ரோலர். எந்தக் காகிதத்தை எந்த டிஸ்க்கில் எழுத வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். அதற்கு உத்தரவு போட்டு வைத்தவள் ஜெயஷீலா. இரண்டிரண்டாக ஜோடி சேர்த்திருந்தாள். ஜோடியில் ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி. அதற்கு மிரர் என்று பேர். ஒரு டிஸ்க் செத்தாலும் ஜோடி இருக்கும், காகிதம் போகாது. அப்புறம் அந்த இரண்டு ஜோடிக்கும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள். அதற்கு ஸ்ட்ரைப். சபையில் வேதாகமத்துச் சங்கீதம் வாசிக்கும்போது குருவானவர் ஒரு வசனம், சபையார் அடுத்த வசனம் என்று வாசிக்கிறோம் இல்லையா, அதுபோல. சீக்கிரம் முடியும். ஆனால் மிரர் இல்லாமல் வெறும் ஸ்ட்ரைப் மட்டும் போட்டால் ஆபத்து. ஒரு பக்கத்து வாய் அடைத்துவிட்டால் மிச்சப் பேர் வாசிப்பது யாருக்கும் விளங்காது. நாலு டிஸ்க்கில் ஒன்று போனாலும் நாலும் போன மாதிரி.

முதலாளிக்கு இந்த மிரர்மேல் தீராத வருத்தம்.

“ஏளா ஜெயஷீலா, நாலு டிஸ்க் வாங்கித் தந்திருக்கேன். ரெண்டுக்குத்தான் எடம் காட்டுது. மத்த ரெண்டும் கவர்மெண்டு உத்தியோகமா பாக்குது?”

“அண்ணாச்சி, ஒங்க வண்டியில ஸ்டெப்னி வச்சிருக்கீங்கல்லா? அது என்னைக்காவது ஓடிச்சா?”

“ஒண்ணுதான தாயி வச்சிருக்கேன்? நீ நாலு சக்கரத்துக்கு நாலு மாட்டச் சொல்லுவ போலிருக்கே!”

ஆபீஸே சிரிக்கும். ஆனால் அவர் அவளை மாற்றச் சொன்னதில்லை.

இப்படி இருக்கையில் முத்துக்கனியின் தம்பி மகன் ஜெனோ நாசரேத்தில் வைத்திருந்த வீடியோ கடை ஓடாமல் மூடிப்போயிற்று. கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்து, வெட்டி ஒட்டிக் கொடுக்கிற கடை. முத்துக்கனி மகளை நச்சரிக்கத் தொடங்கினாள்.

“ஒங்க மாமா மவன் சும்மா கெடக்கான். ஒன் ஆபீஸ்ல சேத்து விடேன்ளா.”

“அவனுக்குக் கேமரா பிடிக்கத்தாம்மா தெரியும்.”

“நீ மட்டும் பொறக்கும்போதே படிச்சிட்டா பொறந்த? சொல்லிக் குடு. அவன் அப்பன் போட்ட சோத்தத் தின்னுதான் வளந்த.”

ஜெயஷீலா முதலாளியிடம் பேசிச் சேர்த்துவிட்டாள். ஜெனோ அவர்கள் வீட்டிலேயே தங்கினான். அவளைவிட மூன்று வயது இளையவன், அத்தை மகள் முறைக்கு “மைனி, மைனி” என்று பின்னாலேயே திரிவான். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ், மத்தியானம் முத்துக்கனி கட்டிக் கொடுத்த ஒரே மாதிரிச் சோறு. ஒன்றரை வருஷத்தில் டிஸ்க்கை மாட்டுவது, ஜோடி சேர்ப்பது, கன்ட்ரோலரின் பக்கத்தைத் திறந்து பார்ப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவனுக்கென்று தனிப் பாஸ்வேர்டும் கொடுத்தாள். அதை வைத்துப் பார்க்கலாம், சிறுசிறு வேலை செய்யலாம், பழைய குறிப்புகளை அழிக்கலாம். டிஸ்க்கில் மட்டும் கை வைக்க முடியாது. அந்த அதிகாரம் அவள் பாஸ்வேர்டுக்குத்தான்.

அந்தப் பாஸ்வேர்டில்தான் அவள் தப்பு செய்தாள். எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கையில் வருகிற வசனம் அந்த வருஷத்துக்கு நமக்கென்று ஆண்டவர் தந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் ஒட்டுவோம். ஜெயஷீலா வருஷா வருஷம் தன் வசனத்தின் அதிகாரத்தையும் எண்ணையும்தான் பாஸ்வேர்டாக வைப்பாள். ஊரில் உள்ள திருடன் எவனுக்கும் தெரியாதுதான். ஆனால் அந்த ஃபிரிட்ஜைத் திறந்து தினமும் தண்ணீர் குடிக்கிறவனுக்குத் தெரியாதா?

ஜெனோ வீடியோ வேலையை விடவில்லை. தெரிந்தவர்கள் கல்யாணத்துக்கு லீவு நாளில் போய் எடுப்பான். அந்தப் படம் எல்லாம் வைக்க இடம் வேண்டும். ஆபீஸ் சர்வரில் இரண்டு டிஸ்க் ‘சும்மா’ இருக்கிறதே என்று கண் வைத்தான். அசனப் பண்டிகை ஞாயிறன்று, ஊரே கோயில் வளாகத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது. ஜெயஷீலா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் உட்கார்ந்த பந்திக்கே அவள்தான் ஊற்றினாள். ஜெனோ வயிற்று வலி என்று சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்விட்டான்.

பூட்டிய ஆபீஸைத் திறந்து, அவள் பேரில் நுழைந்து, ஜோடியை எல்லாம் பிரித்து நாலு டிஸ்க்கையும் ஒரே ஸ்ட்ரைப் ஆக்கிவிட்டான். காகிதங்களை முதலில் ஒரு வெளி டிஸ்க்குக்கு மாற்றி, வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றினான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த வெளி டிஸ்க்கையும் துடைத்துவிட்டு எவர் வீட்டுக் கல்யாணத்தையோ அதில் ஏற்றிக்கொண்டான். ஆபத்துக்கென்று ஜெயஷீலா நகல் எடுத்து வைக்கிற டிஸ்க் அது. மாதக் கடைசியில் அவள் சோதிப்பாள், அதற்குள் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் ஒரு டிஸ்க்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜெயஷீலா பதறவில்லை.

“ஒண்ணுதான அண்ணாச்சி போயிருக்கு. ஜோடி இருக்கு. வேற மாட்டிருதேன்” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஜோடியே இல்லை. பதினொரு வருஷக் காகிதத்தில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. வெளி டிஸ்க்கை எடுத்து மாட்டினாள். அதில் யாரோ ஒரு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு மாலை மாற்றினான்.

கன்ட்ரோலர் எல்லாவற்றையும் குறித்து வைக்குமாம், யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று. முதலாளி பின்னால் நிற்கும்போதே அதைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஜோடிகள் கலைக்கப்பட்டன, செய்தவர் ஜெயஷீலா என்று இருந்தது.

“ஒன் பேருதான தாயி போட்டிருக்கு?” என்றார் அவர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“நான் அன்னைக்கு அசனத்துல நின்னேன் அண்ணாச்சி. ஊரே பாத்துது.”

அப்போது ஜெனோ வாயைத் திறந்தான். மாலை மாற்றுகிற படம் தன்னுடையது என்று சொல்வான் என்றுதான் அவள் நினைத்தாள்.

“மைனி வீட்ல இருந்தே போன்ல எல்லாம் செய்வாவ அண்ணாச்சி. படம் என்னுதுதான், மைனிதான் அந்த டிஸ்க்கு காலியா இருக்கு வச்சுக்கோன்னு குடுத்தாவ” என்றான்.

ஜெயஷீலா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.

“திங்கக்கெழமை சர்வர் கம்பெனி ஆளு வாரான். அவன் பாத்துச் சொல்லட்டும். ஒன் கைவேலைதான்னு சொன்னாம்னா, இந்தத் துறைமுகத்துல வேற எந்த ஆபீஸ்லயும் ஒனக்கு நாற்காலி கெடைக்காது. நானே சொல்லி வைப்பேன்” என்றார் முதலாளி.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு அவள் அந்தக் குறிப்பை மறுபடியும் திறந்தாள். பேருக்குப் பக்கத்தில், எந்த மிஷினில் இருந்து வந்தது என்று ஓர் எண் இருக்கும். அது ஜெனோவின் மேசைக் கம்ப்யூட்டருடைய எண். அப்போதே முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு பிரதி எடுத்துப் பைக்குள் வைத்திருக்கலாம். ஆனால் ஜெனோவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் கல்யாண அறிவிப்பான இரண்டாம் ஓலை வாசிக்க இருந்தது. அவனே வந்து சொல்லட்டும் என்று நினைத்தாள். தன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மாவிடம் எல்லாம் சொன்னாள்.

“அவன் மேசை நம்பர் அதுல இருக்கும்மா. நான் காட்டுனா அவன் மானம் போயிரும். ஞாயித்துக்கெழமைக்குள்ள அவனையே அண்ணாச்சிட்டப் போய் ஒத்துக்கிடச் சொல்லு. நானும் கூட நின்னு பேசுதேன்.”

“சரி, நான் பாத்துக்கிடுதேன். நீ சாப்பிடு” என்றாள் முத்துக்கனி.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஜெனோ ஒன்றும் சொல்லவில்லை. ஓலை வாசித்தார்கள். “அம்மா, அவங்கிட்டச் சொன்னியா?” என்று கேட்டதற்கு, “சொல்லிட்டேன், சொல்லிட்டேன்” என்றாள் முத்துக்கனி.

திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்தான். சிறு வயசு, பேர் பிரைட்டன். எல்லாரையும் நிற்க வைத்துவிட்டு முதலாளி, “காட்டு தாயி” என்றார். ஜெயஷீலா திறந்தாள். குறிப்பு எல்லாம் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, எண்ணும் இல்லை. மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். அவள் பேரைச் சொல்லி முதலாளி ஏதோ ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம் சார்,” என்று பிரைட்டன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். “முழுசாக் காலியாகாது சார். யாராவது அழிச்சா, அழிச்சவங்க பேர மட்டும் இது மறுபடியும் எழுதி வச்சுக்கிடும். இந்தா இருக்கு பாருங்க. வெள்ளிக்கிழமை, காலை ஏழு அம்பத்திரண்டு. அழிச்சவர், ஜெனோ.”

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

“ஏலே, வெள்ளிக்கெழம சீக்கிரமா வந்து சாம்பிராணி போட்டியே, அது இதுக்குத்தானா? நானும் வேதக்காரப் பயலுக்கு நம்ம சாமி மேல என்ன பக்தின்னு ஆச்சரியப்பட்டேனே!”

யாரும் சிரிக்கவில்லை. ஜெனோ முதலாளியைப் பார்க்கவில்லை, ஜெயஷீலாவைத்தான் பார்த்தான்.

“என்னய மட்டும் குத்தவாளியாப் பாக்காதீங்க மைனி. எனக்கு அந்த நம்பர் விசயமே தெரியாது. அத்தைதான் சொன்னாவ. மேச நம்பர் தெரியுதாம், அத அழிக்க வழி இருந்தா அழிச்சிருல, அவகிட்ட மூச்சு விடாதன்னாவ.”

அதைக் கேட்டபிறகு முதலாளி என்ன ஏசினார், ஜெனோ எப்போது வெளியே போனான் என்றெல்லாம் ஜெயஷீலாவுக்கு நினைவில்லையாம். அவள் பேர் தப்பித்தது. “தாயி, வருத்தப்படாத. அந்தக் கொப்பரைய இனிமே யாரும் தொட மாட்டான். ஒன் இஷ்டம்போல எத்தன ஸ்டெப்னி வேணும்னாலும் மாட்டு” என்று முதலாளி தன்மையாகத்தான் சொன்னாராம்.

வீட்டில் முத்துக்கனி வாசலிலேயே நின்றாள். நாசரேத்திலிருந்து போன் வந்திருந்தது.

“அவன் பேரு நாறிப்போச்சேளா. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

“என் பேரு போனாப் பரவாயில்லையாம்மா?”

முத்துக்கனி யோசிக்கவே இல்லை. “நீ பொழச்சுக்கிடுவ. ஒனக்குக் கையில வேலை இருக்கு, மூளை இருக்கு. அவனுக்கு என்ன இருக்கு?”

பின்னால் என்னிடமும் அவள் இதையேதான் சொன்னாள், தப்பு என்று தோன்றாத குரலில். தம்பிக்குப் பட்ட கடனுக்குத் தன்னிடம் இருந்த ஒரே பொருளைக் கொடுத்தாளாம். அந்தப் பொருள் பெற்ற மகள் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

ஜெயஷீலா சண்டை போடவில்லை. ஒரு வாரத்தில் தூத்துக்குடியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். மாத வாடகையும் அரிசியும் அம்மாவுக்குத் தவறாமல் வருகிறது, ஆள்தான் வருவதில்லை. ஆபீஸில் பரண்மேல் கிடந்த பழைய ஃபைல்களை இறக்கி ஒவ்வொரு காகிதமாகத் திரும்ப ஸ்கேன் எடுத்தாள். நாலு டிஸ்க்கையும் மறுபடியும் ஜோடி சேர்த்தாள்.

பெண் வீட்டுக்கு விஷயம் எட்டாமல் ஜெனோவின் கல்யாணம் நடந்தது. முழங்கால் வலியால் நான் நாசரேத்துக்குப் போகவில்லை. போய்வந்த என் மருமகள் சொன்னாள். பெண்ணின் தாயார், “அத்தை மகள் எங்கே, பந்தலில் காணோமே?” என்று கேட்டார்களாம். முத்துக்கனி வாய் கூசாமல், “அவளுக்கு ஆபீஸ்ல லீவு கெடைக்கல. வர முடியலயேன்னு போன்ல ஒரே அழுக” என்றாளாம்.

அன்றைக்கு ஜெயஷீலா லீவில்தான் இருந்தாள். காலை முதல் என் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, தருவைகுளத்தில் நண்டு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகள் வந்து இதைச் சொன்னதும் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள்.

“அதையும் என் பேர்லயே சொல்லிட்டாளா?” என்றாள்.