செய்யாத இடம்புரி

அந்தச் சனிக்கிழமை குனோங் ராபாட்டில் அக்கா வீட்டுச் சமையலறையில் என்னால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. முந்தின நாள்தான் என் பேராசிரியருக்கு எழுதியிருந்தேன்: அடுக்குகள் எந்தப் பக்கம் முறுக்கியிருந்தாலும் மின்சாரத்துக்கு அக்கறையில்லை. திங்கட்கிழமை அவர் சரி என்று சொல்லிவிட்டால் என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் குப்பைக்குத்தான். எனக்குப் பயமாக இருந்தது.

"என்னடி, கால்ல சக்கரமா கட்டியிருக்கே? உக்காருலா," என்றாள் அக்கா.

எரிச்சலோடு சொன்னேன். அணு கனத்துக்கு உரித்த படிகத் தாள்களை ஒவ்வொன்றாய், கொஞ்சம் கொஞ்சம் திருப்பி அடுக்கினால் முறுக்கு வரும். வலம்புரி, அல்லது இடம்புரி. காந்தத்துக்கு நடுவில் வைத்தால், மின்சாரம் முன்னே போவதற்கும் பின்னே வருவதற்கும் தடை சற்றே வேறுபடும். வலம்புரியில் முன்னே சுலபமென்றால் இடம்புரியில் பின்னே சுலபமாக வேண்டும். எனக்கோ இரண்டிலும் முன்னேதான் சுலபம்.

அக்கா சிரித்துவிட்டாள். பதினாறு வயதில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போனவள், இடக்கைக்காரி.

"மொத வாரம் எல்லா மரத்தையும் சாய்வு மாத்தி வெட்டிட்டேன்டி. என் கைக்கு அதான் வாட்டம். மரத்துல கட்டுன மங்குல பால் சரியா விழல. எங்கள மேய்க்கிற மண்டோர் கத்துன கத்து இருக்கே! பட்டைக்குள்ள பால் குழாய் சாஞ்சு ஏறுதாம், அதுக்குக் குறுக்க வெட்டணுமாம். என் கை எதுன்னு மரத்துக்கு என்ன கவலை?"

மின் பில் உறையின் பின்னால் மரத்தை வரைந்து, வெட்ட வேண்டிய கோட்டை இழுத்தாள். இடது மேலிருந்து வலது கீழே. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு மரம் தலைகீழாகத் தெரிந்தது. கோடு மட்டும் எனக்கும் இடது மேலிருந்து வலது கீழேதான் இறங்கியது.

உறையைத் திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன். தலைகீழாக்கினாலும் கோட்டின் சாய்வு மாறவில்லை. இரண்டும் அச்சு அசலாக இருக்கட்டுமென்று நான் ஒரே மாதிரி இரண்டு அடுக்கு செய்து, ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதற்கு இடம்புரி என்று பெயர் எழுதியிருந்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு. தோட்டுத் திருகாணியைக் கவிழ்த்துப் பிடித்தால் மரை மாறிவிடுமா?

சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக முட்டின. கைப்பேசியை எடுத்துப் பேராசிரியருக்கு, "மின்சாரம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது," என்று எழுதினேன். நான் இதுவரை ஓர் இடம்புரிகூடச் செய்ததில்லை என்ற அடுத்த வரியை எழுதச் சாயங்காலமாகிவிட்டது.