தாராளமாத் தூக்குங்க

லேப் டெக்னீஷியன் படிப்பில் கடைசி வருடம் முழுக்க போஸ்டிங்தான். செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் ரத்தப் பிரிவு, ஒரு மாதம் சிறுநீர், ஒரு மாதம் ரத்த வங்கி என்று மேசை மேசையாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு மேசையில் கை பழகுவதற்குள் அடுத்த மேசைக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எனக்கு எந்த மேசையும் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் படிப்பே பிடிக்கவில்லை. நர்சிங் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா இதைப் படித்தாள், நானும் சேர்ந்தேன். அவ்வளவுதான் என் லட்சியம்.

கடைசியாக வந்தது கடலோர போஸ்டிங். மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் நான்கு வாரம். ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். மத்தியானம் மூன்று இருபதுக்கு செங்கல்பட்டுக்கு ஒரு நேர் பஸ் உண்டு. அதை விட்டால் திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஒன்று, அங்கே காத்திருந்து இன்னொன்று, அதிலும் நின்றுகொண்டே வரவேண்டும். அந்த நான்கு வாரமும் என் கண் கடிகாரத்தில்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்குப் பின்னால் வறுமை, நோய், குடும்பக் கஷ்டம் என்று எதுவும் கிடையாது. பஸ்தான் காரணம்.

அங்கே லேப் என்பது ஒரே ஒரு அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு டெக்னீஷியன். அவரை மேடம் என்று கூப்பிடுவோம். ரத்தம், சர்க்கரை எல்லாம் மேடம் பார்த்துக்கொள்வார். காசநோய்க்கான சளி ஸ்லைடுகளை என்னிடம் கொடுத்துவிட்டார். சளியைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எல்லாம் நீலமாகத் தெரியும். கிருமி இருந்தால் அந்த நீலத்தில் சிவப்பாக, சின்னச் சின்னக் குச்சியாகக் கிடக்கும். ஒரு பார்வைக்குள் அடங்கும் இடத்துக்கு ஃபீல்டு என்று பெயர். ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நூறு ஃபீல்டு பார்த்த பிறகுதான் கிருமி இல்லை என்று எழுதலாம். ஒரு ஸ்லைடுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். எண்ணிக்கொண்டே இருந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அன்று வியாழக்கிழமை. கடைசி ஸ்லைடு ஒரு சிற்பியுடையது. முப்பது வயதிருக்கும். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார், தலைமுடி, புருவம், இமை எல்லாம் கல் தூசி. காலையிலேயே சளியைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் ரிசல்ட் கேட்டு வந்து வாசலில் நின்றார். நின்ற நேரத்தில் நான்கு முறை இருமினார். நான் இருபத்தைந்து ஃபீல்டு பார்த்திருந்தேன். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் மணி மூன்று ஐந்து. இருபத்தைந்தில் இல்லாதது மிச்சத்தில் மட்டும் எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டேன். ரெஜிஸ்டரில் நெகட்டிவ் என்று எழுதினேன். மேடம் போனில் பேசிக்கொண்டே பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இன்னாமா, இன்னா வந்துகீது?" என்றார் அவர்.

"ஒண்ணும் இல்லண்ணா. நெகட்டிவ்."

ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்லவேண்டும். படிக்கிற பெண் சொல்லவே கூடாது. எனக்கு அது தெரியும்.

"நல்லாத் தெரியுமா? இல்லம்மா, நாளைக்குத்தான் எங்க வூட்டுக்காரி அவங்க ஆத்தா வூட்லேர்ந்து வர்றா. புள்ள பொறந்து மூணு மாசமாச்சு. இந்த இருமல வச்சிகினு நானு இன்னும் கையிலயே தூக்கல. போயி எட்ட நின்னு பாத்துட்டு வந்துடுவேன். ஒண்ணும் இல்லன்னா தூக்கலாம் இல்ல?"

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தேன். "தாராளமாத் தூக்குங்கண்ணா," என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் பல். டாக்டர் எழுதிக் கொடுத்த இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு பஸ் கிடைத்தது, ஜன்னலோர சீட்டும் கிடைத்தது. வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் இன்டர்னல் தேர்வு. பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் போனபோது மேடம் மைக்ராஸ்கோப்புக்குப் புது பல்பு மாட்டியிருந்தார். வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று ஏதாவது ஒரு ஸ்லைடை வைத்துப் பார்க்கச் சொன்னார். பெட்டியில் கடைசியாக இருந்ததை எடுத்து வைத்தேன். வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்தது. ஸ்லைடை இரண்டு மூன்று முறை நகர்த்தியிருப்பேன். நீலத்துக்கு நடுவில் சிவப்பாக ஒரு குச்சி கிடந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

ஸ்லைடின் நம்பரைப் பார்த்தேன். வியாழக்கிழமைக் கடைசி நம்பர்.

சாயத்தூளாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பார்ப்பதற்காக ஸ்லைடின் மேல் விட்ட எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அன்றுதான் முதல்முறையாக முழுசாக நூறு ஃபீல்டு பார்த்தேன். ஆறு குச்சி இருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அப்போதும் ஆறு. குறைவுதான். ஆனால் ஆறு இருந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நான் நினைத்ததைச் சொல்லவே அசிங்கமாக இருக்கிறது. லேபில் ஸ்லைடு உடைவது தினமும் நடப்பதுதான். கை தவறி விழுந்துவிட்டது என்றால் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். ரெஜிஸ்டரில் கையெழுத்துகூட மேடத்துடையதுதான். கண்ணாடிக் குப்பை போடும் டப்பாவுக்கு மேலே அந்த ஸ்லைடைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் கையை இழுத்துக்கொண்டது நல்ல புத்தி வந்ததால் இல்லை. அவர் குழந்தையைத் தூக்கியிருக்கும் நாட்களை வெள்ளி, சனி, ஞாயிறு, இன்று திங்கள் என்று மனசு தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. அந்த எண்ணிக்கையைத் தாங்க முடியாமல்தான் மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"அன்னிக்கு எத்தினி ஃபீல்டு பாத்த?"

"இருபத்தஞ்சு மேடம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும் பாக்காமக் கையெழுத்துப் போட்டேனே," என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு ரெஜிஸ்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற ஊழியர் அன்று மீட்டிங்குக்காக செங்கல்பட்டு போயிருந்தார். மேடமே டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

"உடனே அழைச்சினு வரச் சொல்றாரு. ரெஜிஸ்டர் எங்கியும் ஓடிப் போவாது, அத அப்புறம் பாக்கலாம். நீ மொதல்ல போயி அந்த ஆளப் புடி. வியாதி பேர வெளியில யாருகிட்டயும் சொல்லிடாத."

முகவரி என்ற இடத்தில் சிற்பப் பட்டறை, மெயின் ரோடு என்று மட்டும் இருந்தது. அந்த ரோட்டில் பட்டறையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? இரண்டு பக்கமும் வரிசையாகப் புத்தர், பிள்ளையார், யானை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு பட்டறையிலும் கட்டர் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்கவேண்டும். பேரைச் சொன்னால் அந்தப் பேரில் ஒவ்வொரு பட்டறையிலும் ஒருத்தர் இருந்தார். ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தூசிதான் நினைவிருந்தது, முகம் நினைவில்லை. வாசலில் நின்று என்னோடு பேசியவரை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அங்கே நின்ற எல்லோர் மேலும் அதே தூசி.

ஏழாவதோ எட்டாவதோ பட்டறையில் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னாத்துக்கும்மா தேடற?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வரேண்ணா. ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கணும்."

"இருமிகினே இருப்பானே, அவன் தான? வெள்ளிக்கெயமேலேர்ந்து வேலைக்கே வர்லம்மா. கொயந்த வந்துகீது இல்ல, வூட்டோட கெடக்கறான். கீயவே வெக்க மாட்டேன்றானாம். நேத்து போன் பண்ணி வாடான்னா, மாருலயே தூங்குது, எப்படி வர்றதுன்றான்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் வழி கேட்டுக்கொண்டு நடந்தேன். நடந்தேன் என்று எழுதுகிறேன், பாதி தூரம் ஓடினேன். சவுக்குத் தோப்பை ஒட்டிய மணல் பாதை, செருப்பு உள்ளே உள்ளே போயிற்று. அழுதுகொண்டே ஓடினேன். கடவுளே, அவர் வீட்டில் இருக்கக்கூடாது, குழந்தையை யாராவது வேறு பக்கம் எடுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான்கு நாளாக மாரிலேயே தூங்கிய குழந்தையை இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போய் என்ன ஆகப்போகிறது? அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

ஷீட் போட்ட சின்ன வீடு. அவர் மனைவி வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி என்றதும் உள்ளே கையைக் காட்டினாள். ஒரே அறை. ஜன்னல் சாத்தியிருந்தது, குழந்தைக்குக் காற்று ஆகாது என்று. அவர் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். மார் மேல் குழந்தை குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வாய் அவர் கழுத்தோடு ஒட்டியிருந்தது. அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். குளித்து, தூசியே இல்லாமல், சின்ன வயது முகம்.

"வாம்மா, வா! பாத்தியா?" குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று மெதுவாகப் பேசினார். "நீ சொன்ன இல்ல, அன்னிலேர்ந்து தூக்கிகினேதான் கீறேன்."

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "அண்ணா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க சளியில டிபி இருக்கு," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். புரியவில்லை போல என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். மூச்சையும் பிடித்துக்கொண்டார். அப்படியே எழுந்து உட்கார்ந்து, குழந்தையை இரண்டு கையாலும் எட்ட முடிந்த தூரத்துக்கு நீட்டினார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. மூச்சு விடாமல் எவ்வளவு நேரம் இருக்கமுடியும்? குழந்தை விழித்து வீல் என்று கத்தியது. வாங்கிக்கொள்ளவேண்டும் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. அவர் மனைவிதான் ஈரக் கையோடு ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். அவர் என்னைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார். தோப்புக்குள் போய் இருமுகிற சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை அந்த இருமல்.

நான் அவளிடமும் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"தூக்கலாம்னு நீ தான சொன்ன?"

"ஆமாக்கா."

"பாத்துட்டுத்தான சொன்ன?"

"இல்லக்கா. முழுசாப் பாக்கல."

அவள் என்னைத் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அதைச் செய்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

அன்றே அவருக்கு மாத்திரை தொடங்கினார்கள். குழந்தையைச் செங்கல்பட்டுக்கு அனுப்பிப் பார்த்ததில் நோய் இல்லை, முன்னெச்சரிக்கையாக ஆறு மாதம் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றும் ஆகவில்லையே, விடு என்று தோழிகள் சொன்னார்கள். கல்லூரியில் அந்த போஸ்டிங்கை மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். என் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் முடித்துப் போன பிறகு, இரண்டு மாதம் கழித்து, அதே அறைக்கு நான் மட்டும் போனேன்.

அந்த முறை ஒரு நாள் காலை அவர் மனைவி வந்தாள். இடுப்பில் குழந்தை. இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகு சளியை மறுபடி பார்க்கவேண்டும், அதற்காக அவர் கொடுத்தனுப்பிய டப்பா கையில். மேடம் உள்ளே இல்லை, நான்தான் இருந்தேன். கையை நீட்டினேன். அவள் டப்பாவைக் கொடுக்கவில்லை. ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். பின்னால் வந்த நான்கைந்து பேர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேடம் வந்ததும் நேராக அவரிடம் போனாள்.

"அம்மா, இத நீங்களே பாக்கறீங்களா? அந்தப் பொண்ணு வேணாம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.