ஒரே போத்தலில் ஊற்றியது

எங்கள் காருக்கு வந்த பாலிஷ் போத்தல்களில் ஒன்றுகூட முழுதாக வந்ததில்லை. கத்தாரில் இருந்து யாராவது ஊருக்கு வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் ஒன்றிரண்டைக் கொடுத்தனுப்புவார். ஒன்றில் கால்வாசி இருக்கும், இன்னொன்றில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இருக்கும். ஒன்றில் அரபு எழுத்து, ஒன்றில் ஜப்பான் எழுத்து, ஒன்றில் லேபலே கிழிந்திருக்கும். ஒரே கம்பெனிப் போத்தல் இரண்டு தரம் வந்ததாக ஞாபகம் இல்லை.

"ஏங்க, பெரிய கார் கம்பெனியில ஸ்டோர் கீப்பர்னு சொல்றீங்க. ஒங்க ஸ்டோர்ல முழுப் போத்தலே கெடையாதா?" என்று ஒருமுறை போனில் கேலி செய்தேன்.

"முழுசெல்லாம் கணக்குல இருக்கும் புள்ள. மிச்சம் மீதியத்தான் எடுத்துக்க விடுவாங்க," என்றார். நியாயமாகத்தான் பட்டது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

கார் அவர் முந்தின லீவுக்கு வந்திருந்தபோது வாங்கியது. கறுப்பு நிறம், பழைய வண்டி, ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும். பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் வண்டிப் பாதை கிடையாது, கோயில் வளைவோடு சரி. அங்கேதான் படங்கு போட்டு மூடி வைத்திருந்தோம். வாரம் ஒரு தரம் கொழுந்தன் வந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போவான். துடைப்பதும் மினுக்குவதும் என் வேலை. தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சரான நான் துணியும் கையுமாகக் காரைச் சுற்றிக்கொண்டிருப்பது மேல் லயத்துக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை.

வேடிக்கை பார்க்கட்டும். அந்தக் கார் எனக்கு வெறும் கார் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. அந்தக் காரைக் கல்யாண வீடுகளுக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய திட்டம். அவர் அடுத்த லீவுக்கு வருகிற மாதத்திலேயே ஹல்துமுல்லையில் ஒரு கல்யாணத்துக்குப் பேசியும் ஆயிற்று. பெண் ஏறுகிற கார். "மொத ஹயர் நல்லபடியா ஓடிட்டா, பாத்தவங்களே நாலு பேருக்குச் சொல்லுவாங்க. கையில மூணு நாலு முகூர்த்தம் இருந்துச்சுன்னா நான் திரும்பிப் போகமாட்டேன்," என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனை தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

அவர் வருவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது பௌர்ணமிப் போயா லீவு ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளி அவருக்கும் லீவு. காரைப் பளபளவென்று ஆக்கி வீடியோவில் காட்டி அசத்திவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. போத்தல்களை எடுத்தேன். வெள்ளையாகத் தண்ணீர்போல ஒன்று, மஞ்சளாகக் கெட்டியாக ஒன்று, இரண்டும் பாதிக்குக் கீழே. லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அரைப் போத்தல் தேங்காய் எண்ணெய் இரண்டு இருந்தால் ஒன்றாக ஊற்றி, காலிப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். வைக்க இடம் ஏது? கை தன்பாட்டில் அதைச் செய்துவிட்டது. மஞ்சளை வெள்ளையில் ஊற்றி, மூடி, குலுக்கினேன்.

உள்ளே அது திரிந்த பால்போலக் கட்டி கட்டியாகப் பிரிந்து நின்றது. எவருக்கும் புத்தி அந்த இடத்தில் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. இன்னும் நன்றாகக் குலுக்கி, நல்ல வெயிலில், முன்பக்கத்துப் பொனட் முழுவதும் ஒரே மூச்சில் பூசினேன். பூசி முடிப்பதற்குள் காய்ந்தது. துடைத்தால் வரவில்லை. பழைய துவாயை வைத்து என் பலத்தையெல்லாம் போட்டுத் தேய்த்தேன். வெள்ளை கொஞ்சம் போன இடத்தில் வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தது. கீறலைப் போக்க மேலும் தேய்த்தேன், கீறல் கூடிற்று. அப்போதுதான் பயம் வந்தது. அந்தக் காரின் முன்னால் நின்று சின்னப் பிள்ளைபோல அழுதேன்.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, எங்கள் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பதும் அந்தக் கோயில் வளைவில்தான். அவர் வீடியோவில் கூப்பிட்டார். போனைப் பொனட் பக்கம் திருப்பினேன்.

"ரெண்டையும் கலந்துட்டியா?" என்றார் உடனே.

"ரெண்டும் பாலிஷ்தானேங்க?"

"ஒண்ணு அரம் புள்ள, கீறல ராவி எடுக்குறது. ஒண்ணு மெழுகு. தண்ணிச் சரக்கு வேற, எண்ணெச் சரக்கு வேற. வேற வேற கம்பெனி. மொதல்ல அரத்தப் போட்டுத் தேச்சு, சுத்தமாத் தொடச்சிட்டு, அப்புறந்தான் மெழுகு. ஒண்ணா ஊத்துனா ரெண்டும் வேல செய்யாது." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அழாத. போன எதுலயாச்சும் சாத்தி வையி. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்யுட் கலந்து கொண்டா. ஒரு சாண் எடமா எடுத்துக்க. அழுத்தாத. இந்தா, இப்புடி."

இப்படி என்று காட்டுவதற்காகக் கையைத் தூக்கினார்.

அத்தனை வருடமும் நான் போனில் பார்த்தது அவர் முகத்தை மட்டும்தான் என்று அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. தோட்டத்தில் பிறந்தவளுக்குக் கை பார்க்கத் தெரியும். கொழுந்து பறிக்கிற கை எது, கவ்வாத்து வெட்டுகிற கை எது என்று தூரத்தில் வைத்தே சொல்வேன். அது போத்தலை எண்ணி வைக்கிற கை இல்லை. விரல் நுனியெல்லாம் தோல் வெளுத்து உரிந்திருந்தது. மடிப்புகளில் வெடிப்பு. இரண்டு விரலில் பிளாஸ்டர். அந்தக் கை காற்றில் மெதுவாக வட்டம் போட்டது, அத்தனை அழகாக, ஒரு நாளைக்கு நூறு தரம் செய்கிற வேலையைச் செய்வதுபோல.

அந்த மிச்சம் மீதியெல்லாம் யார் யாருடைய காரையோ அவர் தேய்த்தது போக மிஞ்சியது என்று விளங்கிவிட்டது. "இப்படியாங்க?" என்று மட்டும் கேட்டு, அவர் சொன்னபடி துடைத்தேன்.

வெள்ளை போயிற்று, கீறல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டு மாமா ஒருவர் காரைப் பார்க்க வந்தார். பொனட்டில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். "வண்டி நல்ல வண்டிதாங்க டீச்சர். ஆனா பொண்ணு ஏறப் போற வண்டி பாருங்க," என்று இழுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, பெரகலயில் வேறு கார் பேசிவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள்.

அவர் வந்தார். முதல் நாள் பகல் சாப்பாட்டுக்குக் கரண்டி கேட்டார். "தொரை ஆயிட்டாரு பாரு," என்று மாமியார் சிரித்தார்கள். "அங்க பழகிப்போச்சு," என்று அவரும் சிரித்தார். காரக் குழம்பில் அந்த விரல்களை வைத்தால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். உறைப்பைக் குறைத்துச் சமைத்தேன்.

மறுநாள் காலையில் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயில் வளைவுக்குப் போய்விட்டார். பதுளையில் இருந்து ஒரு போத்தல் அரமும் ஒரு டப்பா மெழுகும் வாங்கி வந்திருந்தார், ஒரே கம்பெனியாகப் பார்த்து. மூன்று நாள் அந்தப் பொனட்டோடு கிடந்தார். லீவுக்கு வந்த மனிதர். நான் பாவி, தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று நான் சொல்ல வேண்டிவரும். மூன்றாம் நாள் பொனட்டில் கோயில் கோபுரம் தெரிந்தது. ஆனால் அந்த மாதத்து முகூர்த்தமெல்லாம் எல்லாருக்கும் கார் பேசி முடிந்திருந்தது. ஒருவரும் வரவில்லை. லீவு முடிந்தது.

அவர் பெட்டியின் அடியில், சட்டைகளுக்கு நடுவே, ஒரு சோடி ரப்பர் கையுறையை மடித்து வைத்தேன். போய்ச் சேர்ந்த அன்று போன் எடுத்தார். வழக்கம்போல முகம் மட்டும்.

"ஸ்டோர் கீப்பருக்கு எதுக்குப் புள்ள கையுறை?" என்று சிரித்தார்.

"குளிருக்குங்க," என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா, இங்க குளிருதான்," என்றார்.