பெரட்டுக் களத்தில் ஒரு பெயர்

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு நான் கலியாணமாகி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஆட்களுக்கு ஓட்டுரிமை பறிபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வந்த மறுவாரமே என் பெயரும் காணாமல் போனது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி ஆள் கூப்பிடும்போது ஆண்களை அவரவர் பெயரால் கூப்பிடுவார். எங்களை இன்னார் பெண்டாட்டி, இன்னார் மகள் என்பார். "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு மலையேறுவோம். ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் எங்கள் பெயர் இருந்தது, கூப்பிடுகிற வாயில்தான் இல்லை. எனக்கு அப்போது அதில் குறையொன்றும் தெரியவில்லை. புதுப்பெண்ணுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையைக் கலைத்தவள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராவில் இருந்த அக்கா. அவள் புருஷன் லிந்துலையில் வேறொருத்தியோடு குடியேறி ஒரு வருஷமாகியிருந்தது. லயத்தில் அவளை வாழாவெட்டி என்றார்கள். அவளோ விடிந்ததும் வாசலில் கோலம் போட்டுப் பொட்டும் வைத்துக்கொண்டு வேலைக்கு வருவாள். கொழுந்து நிறுக்கும்போது அவள் கூடைதான் கனமாக இருக்கும். ஊர்ப்பேச்சை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெரட்டில் தினமும் அவன் பெண்டாட்டி என்று கூப்பிட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் அப்படிக் கூப்பிட்டபோது வாய் திறக்காமல் நின்றாள். கங்காணி மறுபடியும் கூப்பிட்டார்.

"அவரு பொண்டாட்டி லிந்துலையில இருக்காங்க. எம் பேரச் சொல்லிக் கூப்புடுங்க" என்றாள்.

கங்காணி கெட்டவரல்ல, ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தாலி கட்டியவன் பெயரை விட்டால் பெண்ணுக்கு ஏது அடையாளம் என்று கேட்டு, அன்றைக்கு வேலையில்லை என்று அனுப்பிவிட்டார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாளும் இப்படி நின்றால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிப் பெயரை வெட்டிவிடுவதாகச் சொன்னார். பெயரை வெட்டினால் காம்பிராவும் போகும். அவளுக்குப் போக வேறிடம் கிடையாது.

சாயங்காலம் மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடு என்று கெஞ்சினேன்.

"தெனமும் வெள்ளனயே எந்திரிச்சு வந்து பொய் சொல்லச் சொல்றியா, தங்கச்சி?" என்றுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்படியொரு நெஞ்சுரத்தை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் கடுங்குளிர். அவன் பெயர் வந்தது, அவள் பேசவில்லை. அவளுக்கு அடுத்தவள் நான். என் புருஷன் பெயரைக் கேட்டதும் எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, முதலில் அக்காவைக் கூப்பிடுங்கள் என்றேன்.

"எந்த அக்கா? பேரச் சொல்லு" என்றார் கங்காணி.

எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக அடுத்தடுத்த காம்பிரா. அவள் அடுப்பில் நெருப்பு வாங்கியிருக்கிறேன், காய்ச்சலில் கிடந்தபோது அவள் கையால் கஞ்சி குடித்திருக்கிறேன். பெயர் என்னவென்று கேட்கத் தோன்றியதே இல்லை. ஆண்கள் வரிசையில் சிரித்தார்கள். அந்தக் குளிரிலும் எனக்கு வெட்கத்தில் உடம்பு எரிந்தது.

அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. களம் முழுக்கக் கேட்கும்படி தன் பெயரைச் சொன்னாள். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். பின்னால் நின்ற ஒருத்தியும் சொன்னாள், அப்புறம் இன்னொருத்தி. கணக்கப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயர் இருக்கிறது, கூப்பிட்டுத் தொலையும், கொழுந்து முற்றுகிறது என்றார்.

கங்காணி கூப்பிட்டார். "இருக்கேங்க" என்றாள் அக்கா.

அடுத்து மறுபடியும் என் புருஷன் பெயரைச் சொன்னார். நல்ல மனுஷன், ஆண்கள் வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கவில்லை.