பச்சை யானையை நனைத்த ராணி

மாட்டாஸ்பத்திரியில் என் மேஜைமேல் யாரும் யானையைக் கொண்டுவந்து வைத்ததில்லை. கலியபெருமாள் வைத்தார். ஒரு சாண் உயரம், இன்னும் சூளையில் வேகாத பச்சை மண் பொம்மை, நிறம் வெள்ளை. தும்பிக்கை மட்டும் இல்லை.

"என்னங்க இது?"

"எங்க ராணி பண்ண வேல சார். காயறதுக்குப் பலகையில வரிசையா வச்சிருந்தோம். அதும்மேலயே குந்தி வுட்டுடுச்சு. தும்பிக்க கரைஞ்சி பூடுச்சு."

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. நான் விருத்தாசலத்தில் அரசு கால்நடை மருத்துவன். அவர் பீங்கான் பொம்மை யூனிட் வைத்திருந்தார். ராணி யூனிட்டின் காவல் நாய். எப்போதும் வேலியோரம் போய்த்தான் ஒண்ணுக்கிருக்கும். இப்போது நாலடிக்கு ஒருதரம் உட்கார்ந்து எழுகிறதாம். புதிதாக வந்த பூனையை வேலையாட்கள் கொஞ்சுவதால் வந்த பொறாமை என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

"திமிரு சார். அடிச்சும் பாத்தேன். தண்ணி வச்சாத்தான போவும்னு நேத்துலேர்ந்து தண்ணியும் வைக்கல. அப்பவும் சொட்டு சொட்டா வுடுது. சாயங்காலம் லோடு போவுது, வழியில வேப்பூர்ல எறக்கி வுட்டுடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி வெறிநாய் ஊசி ஒண்ணு போட்டு வுடுங்க. பாவம்."

நடுரோட்டில் விடப்போகிற நாய்க்குத் தடுப்பூசி! எவ்வளவு இரக்கம் பாருங்கள். வந்த கோபத்துக்கு அந்த யானையை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன், கரைந்த இடத்தைச் சுற்றி வெள்ளை மண்ணில் இளஞ்சிவப்பாகக் கறை.

"இது?"

"அத ஏன் கேக்குறீங்க. பெயிண்டு டப்பாவுலயும் வாய வச்சிருக்கும்போல. ஒண்ணுக்கே செவப்பா போவுது."

"பெயிண்டு இல்லைங்க. ரத்தம்."

வெளியே லோடு ஆட்டோவில் ராணியைக் கட்டியிருந்தார். பின்புறத்தை நக்கிக்கொண்டே இருந்தது. அவிழ்த்துவிட்டதும் முதுகை வளைத்து முக்கியது, நாலே சொட்டு. அடிவயிற்றை அழுத்தியதும் கத்தியது. கல் எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. யூரின் சாம்பிளுக்காகச் சுத்தமான தட்டை ஏந்திக்கொண்டு அதன் பின்னாலேயே குனிந்து குனிந்து நடந்தேன். மாட்டோடு காத்திருந்த ஒருவர் கேட்டார்: "இன்னா சார், பாலு கறக்குறீங்களா?"

மைக்ராஸ்கோப்பில் சீழ் செல்களும் ரத்தமும் நிறையத் தெரிந்தன. சிறுநீர்ப்பையில் இன்ஃபெக்‌ஷன்.

"உங்களுக்கு நீர்க்கடுப்பு வந்திருக்குதா?"

"சூளகிட்டயே நிக்கிறவன் சார், வராம? போன கோடையில உசுரே பூடுச்சு."

"அன்னைக்கு உங்க வூட்டுல தண்ணி குடுக்காம அடிச்சு, வேப்பூர்ல எறக்கி வுட்டாங்களா?"

அவர் குழாயடியில் கிடந்த சட்டியைக் கழுவி, நிறையத் தண்ணீர் பிடித்துவந்து ராணி முன்னால் வைத்தார். அது மூச்சுவிடாமல் குடித்தது. குடித்த கையோடு அவர் பாதத்தின் மேலேயே உட்கார்ந்து நாலு சொட்டு விட்டது. அவர் காலை நகர்த்தவில்லை.

ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, குணமானதுபோலத் தெரிந்தாலும் கோர்ஸை முடிக்கச் சொன்னேன். அன்று சாயங்காலம் லோடு ராணி இல்லாமல்தான் போனது.

புதிதாகக் கால்நடை மருத்துவ வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பழகின நாய் திடீரென்று கண்ட இடத்தில் நனைத்தால் அதன் குணத்தை ஆராய உட்காராதீர்கள். தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.