எதிர் இருக்கையின் பச்சை அம்பு

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதில்லை. அன்றைய நேரக் குறிப்பெல்லாம் என் வேலைக் குறிப்பேட்டில், என் கையெழுத்திலேயே இருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறக்கக் கை வருவதில்லை.

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடு பார்க்கிறவள். நுரையீரலுக்குள் மருந்தைச் சுமந்து போக ஒரு நானோ பொடி செய்திருந்தார்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடிசு. மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால், அது புற்றுநோயைக் கொண்டுவருமா என்று தெரிய வேண்டுமே? இரண்டு வருடம் எலிகள் அதைச் சுவாசித்தன. பிறகு அவற்றின் நுரையீரலை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டுகளில் ஒட்டி என் மேசைக்கு அனுப்பினார்கள். எந்த எலி பொடியைச் சுவாசித்தது, எது வெறும் காற்றைச் சுவாசித்தது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். எண் மட்டும்தான். மொத்தம் நானூறு ஸ்லைடு. திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும். அடுத்த மாதம் முதல் நோயாளிக்கு மருந்து.

எங்கள் மைக்ராஸ்கோப்பில் எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம். எதிர்ப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருப்பினால், பார்க்கும் படத்துக்குள் ஒரு பச்சை அம்பு நகரும். 'இதோ, இங்கே பார்' என்று காட்டுவதற்கு.

அந்த எதிர் இருக்கை ஐந்து மாதமாகக் காலி. அங்கே இருந்தவரை நிதானம் அக்கா என்று கூப்பிடுவோம். நான் இரண்டு நிமிடத்தில் தள்ளிவிடும் ஸ்லைடு அவருக்கு இருபது நிமிடம். காபி ஆறும், சுட வைப்பார், மறுபடி ஆறும். ஓய்வு பெற்றுப் போன பிறகு இரண்டு தரம் போன் செய்தார். வேலையாக இருந்தேன். திருப்பிக் கூப்பிடவில்லை.

அன்று சனிக்கிழமை. மதியத்திலிருந்து மழை. கட்டடத்தில் நானும், கீழே காவலாளியும் மட்டும். வீட்டுக்குப் போனாலும் கதவு திறக்க ஆள் கிடையாது, அதனால் எனக்குச் சனிக்கிழமை வேலை பழகிப்போன ஒன்று. ஏழு மணிக்குக் கடைசி ஸ்லைடு தட்டை எடுத்தேன். அதுவரை ஒரு ஸ்லைடிலும் கட்டி இல்லை. கண் பார்த்துக்கொண்டே இருந்தது, மனசு எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டது.

ஏழு பத்து. ஸ்லைடு எண் 381. ஒன்றுமில்லை என்று எழுதக் கை போனது.

டிக்…

படத்தின் ஓரத்தில் பச்சை அம்பு.

அந்த அம்புக்கென்று தனி விளக்கு; நான் அதைப் போடுவதே இல்லை. கை தவறிப் பட்டிருக்கும் என்று எழுந்துபோய் அணைத்தேன். உட்கார்ந்தேன். கண்ணை வைத்தேன்.

டிக்… டிக்…

அம்பு மறுபடி இருந்தது. இப்போது நகர்ந்தது. மெதுவாக, தயங்கித் தயங்கி, ஓரிடத்தில் போய் நின்றது.

அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். சின்ன முடிச்சு. செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்து நின்றன. கட்டி. ஆரம்பக் கட்டி. நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

எழுந்து அம்பு விளக்கின் ஒயரை மின்சாரத்திலிருந்தே பிடுங்கினேன்.

அடுத்த ஸ்லைடு. அம்பு இல்லை. அதற்கடுத்தது… இல்லை. மூச்சு விட்டேன்.

ஏழு முப்பத்தொன்று. எண் 388.

டிக்…

ஒயர் என் மடியில் கிடந்தது. அம்பு எரிந்தது.

மறுபடி ஒரு முடிச்சு.

தலையை நிமிர்த்தினேன். எதிரே காலி நாற்காலி. கையை நீட்டி அந்தத் திருகைத் தொட்டேன்.

சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ விரலை எடுத்ததுபோல…

"யாரு?" என்றேன்.

மழைச் சத்தம் மட்டும்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏன் என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அத்தனை பயத்திலும், ஐந்து மாதம் கழித்து எதிரில் ஓர் ஆள் இருப்பதுபோல இருந்தது.

ஏழு ஐம்பது. எண் 396.

டிக்… டிக்… டிக்…

அம்பு நின்றது. நடுங்கியது.

பெரிதாக்கினேன். முடிச்சு.

"பாத்துட்டேன்," என்றேன். "எழுதிட்டேன்."

அம்பு அணைந்தது.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் இறங்கியது நினைவில்லை. காவலாளி குடையோடு ஓடிவந்து, "என்ன மேடம், முகம் இப்படி வெளுத்துப் போச்சு?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை மேலதிகாரி எந்த எண் எந்த எலி என்று பிரித்துப் பார்த்தார். மூன்றும் பொடியை அதிகமாகச் சுவாசித்த எலிகள். அடுத்து வந்த நாட்களில் நானூறையும் இன்னொருவரை வைத்து மறுபடி பார்த்தோம். வேறு எதிலும் கட்டி இல்லை. அறிக்கை மாறியது. மருந்து நிறுத்தப்பட்டது.

"இவ்ளோ சின்னது எப்படிம்மா கண்ணுல பட்டுது?" என்று அந்தத் திங்கட்கிழமையே மேலதிகாரி கேட்டார்.

"சார், நிதானம் அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா? பக்கவாதம். ஆஸ்பத்திரியில போட்டுப் பத்து நாளுக்கு மேல ஆச்சே."

அன்று சாயங்காலமே போனேன். அக்கா கண்ணை மூடிக் கிடந்தார். பேச்சு போய்விட்டது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது.

"சொந்தக்காரங்களா?" என்றாள் நர்ஸ்.

"கூட வேலை பாத்தவ."

"பன்னெண்டு நாள்ல நீங்கதான் முதல் ஆளு."

அக்காவின் வலது கையைப் பிடித்தேன். நர்ஸ் சட்டென்று ஓர் அடி பின்னால் போனாள்.

"ஏன்?"

"அந்தக் கை அசையாத கை மேடம். ஊசியால குத்தினாலும் தெரியாது. ஆனா சனிக்கிழமை அசைஞ்சுது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்… எதையோ திருகுற மாதிரி. மூணு தரம்."

"மணி?"

கட்டிலில் தொங்கிய தாளைத் திருப்பிக் காட்டினாள். ஏழு பத்து. ஏழு முப்பத்தொன்று. ஏழு ஐம்பது.

அவள் இன்னும் முடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"விரல் அசையறப்பல்லாம் மெஷின்ல துடிப்பு இல்ல மேடம். நேர்கோடு. விரல் நின்னதும் துடிப்பு தானா வந்துடுது. ரெண்டாவது தரம் ஆனதும் டாக்டர் வேற மெஷின் கொண்டுவரச் சொன்னாரு. மூணாவது தரம் அதுலயும் நேர்கோடுதான்."

தாளின் அடியில் டாக்டர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். கருவி பழுது. இரண்டு கருவியும்.