செங்கொடியின் மழைப் பரீட்சை

2004 கோடையில், குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த திருவொற்றியூரில், எங்கள் கம்பெனி மழைநீர் இன்ஸ்பெக்டர் பயிற்சி நடத்தியது. சிரிக்காதீர்கள். நாங்களே போதுமான அளவு சிரித்துவிட்டோம்.

எண்ணூர் போகிற சாலையோரம் பெரிய குடோன் ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். பணம் போட்ட வெளிநாட்டுக்காரன் ஒரு நிபந்தனை வைத்திருந்தான். மழை பெய்தால், தோண்டிப் போட்ட மண் கரைந்து பக்கத்துக் கால்வாயில் கலக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள சர்டிஃபிகேட் வாங்கிய ஆள் ஒருவர் சைட்டில் இருந்தே ஆகவேண்டும். மூன்று நாள் வகுப்பு, ஓர் எழுத்துப் பரீட்சை, அப்புறம் தண்ணீர் ஓடும்போது நேரடிச் சோதனை. பதினொரு பேர் உட்கார்ந்தோம். எழுத்தில் தேறியது ஒரே ஆள், சித்தாள் செங்கொடி. ‘மழை நின்று எத்தனை மணி நேரத்துக்குள் சைட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு நான் ‘முதலில் வரட்டும்’ என்று எழுதியிருந்தேன். அதுதான் சரியான விடை என்று இன்றைக்கும் சொல்வேன்.

செங்கொடி வியாசர்பாடியில் பிறந்து, கல்யாணமாகி எங்கள் சைட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்கு வந்தவள். அப்பா துறைமுகத்தில் தொழிற்சங்கக்காரர், அதனால் அந்தப் பெயர். பெயருக்கு ஏற்ற வாய். புருஷன் இறந்துவிட்டான், மகள் கார்குழலி ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷம் கல்லும் கலவையும் சுமந்து செங்கொடியின் கழுத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. இனித் தலையில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்டிஃபிகேட் வந்தால் நோட்டும் பேனாவுமாக சைட்டைச் சுற்றுகிற வேலை. வராவிட்டால் மறுபடி கலவைச் சட்டிதான்.

எழுத்தில் தேறியதால் சோதனை முடியும்வரை தற்காலிகமாகக் கையில் நோட்டு வந்தது. அப்புறமும் பழக்கம் போகவில்லை. இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டுக்கு அடியிலும், சுமை உறுத்தாமலிருக்கத் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் நிற்பாள்.

சோதனைக்கு மழை வேண்டுமே! ஏப்ரல் போனது, மே போனது. பழகுவதற்காக வாராவாரம் ஒரு படிவம் நிரப்புவாள். அதில் ‘மழையின் அளவு’ என்ற இடத்தில் சைபர் போட்டுவிட்டு ஸ்டோருக்கு வந்து, “நைனா, இந்த வாரமும் முட்டை” என்பாள். ஜூனில் ஹெட் ஆபீஸ் கறாராகச் சொல்லிவிட்டது. சனிக்கிழமைக்குள் சர்டிஃபிகேட் இல்லையென்றால் பெங்களூரிலிருந்து ஆள் வரும்.

சோதிப்பவர் ஜேக்கப் சார். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். “தண்ணி ஓடாம நான் கையெழுத்துப் போட முடியாதும்மா” என்றார்.

“இன்னா சார், மழையையும் நானே கொண்டாரணுமா?” என்றாள் செங்கொடி.

கொண்டுவந்தாள். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து கலவைக்குத் தண்ணீர் எடுத்துவரும் டிராக்டர்காரர் தவசிமுத்துவைப் பிடித்து, ஒரு டேங்க் தண்ணீரை மண்மேட்டின் உச்சியிலிருந்து திறந்துவிட ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமை காலை ஜேக்கப் சார் கம்பூட்ஸ் போட்டு, கையில் குடையோடு வந்து நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. செங்கொடி விசில் ஊதினாள். தவசிமுத்து வால்வைத் திருகினார்.

எங்கள் தகர வேலியில் ஒரு சந்து இருந்தது ஸ்டோர் கீப்பரான எனக்கே தெரியாது. தெருவுக்குத் தெரிந்திருந்தது. பச்சை, சிவப்பு, நீலம் என்று குடங்கள் உள்ளே பாய்ந்தன. முதல் குடம் கார்குழலியுடையது.

“ஏய், இது பரிச்சைத் தண்ணிடி!” என்று செங்கொடி கத்தியது யார் காதிலும் விழவில்லை. வாட்ச்மேன் தடியை ஓங்கினார். எதிரே நின்றது அவர் சம்சாரம். தடியைக் கீழே போட்டுவிட்டு, அவள் நீட்டிய இரண்டாவது குடத்தை வாங்கிக்கொண்டார். குடம் நிறைய நிறைய அண்டாவும் டிரம்மும் வந்தன. அரை மணியில் டேங்க் காலி. மண்மேட்டில் செருப்பு நனையக்கூடத் தண்ணீர் இல்லை.

ஜேக்கப் சார் கடிகாரத்தைப் பார்த்தார். செங்கொடி அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அந்த வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தத் தெரு மொத்தத்தின் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

தெருமுனையில் ஆப்பக்கடை போட்டிருந்த ரஹீமுன்னிசா, இடுப்பில் குடத்தோடு அவளிடம் வந்தாள். “இன்னாமே அழுவுற?”

“அந்தத் தண்ணி ஓடினாத்தான் எனுக்கு வேலக்கா. இல்லாங்காட்டி திங்கக்கெயம சட்டி தூக்கணும். கயுத்து பூடும்.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஊருக்கெல்லாம் பேசுவியே!” ரஹீமுன்னிசா தெருவைப் பார்த்துத் திரும்பினாள். “இன்னாங்கடி பாத்துகினு கீறீங்க? ஆளுக்கு ஒரு கொடம் மேட்டுக்கு ஏத்துங்கடி!”

அந்த வருஷம் ஒரு குடம் நல்ல தண்ணீர் என்றால் ஒரு வீட்டின் ஒரு நாள் சமையல். ஏற்றினார்கள். மேட்டின் உச்சியில் வரிசையாக நின்றார்கள். செங்கொடி கண்ணைத் துடைத்து, ஹெல்மெட்டை மாட்டி, கீழே ஓடி விசில் ஊதினாள். அத்தனை குடமும் ஒன்றாகக் கவிழ்ந்தன. ‘ஹோ’வென்று ஒரு கூச்சல். ஜேக்கப் சார் பதறிப்போய்க் குடையை விரித்துக்கொண்டார். செம்மண் தண்ணீர் சரிவில் ஓடிவந்து, செங்கொடி தன் கையால் அடுக்கியிருந்த மணல் சாக்குத் தடுப்பில் முட்டி நின்றது. விசில், கைதட்டல், ஒரே ஆட்டம். நானும் ஆடினேன், ஒளிப்பானேன்.

செங்கொடி மட்டும் ஆடவில்லை. தடுப்பின் மூலையில் முட்டி போட்டிருந்தாள். சாக்குக்கு அடியில் ஒரு நண்டு வளை. அது வழியாகக் கலங்கல் தண்ணீர் கால்வாய்ப் பக்கம் பீய்ச்சிக்கொண்டிருந்தது. “கண்டுக்காதே” என்று எங்கள் சைட் இன்ஜினியர் பல்லைக் கடித்தார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, சும்மாட்டை உருவி வளைக்குள் திணித்து, குதிகாலால் நாலு மிதி மிதித்தாள். பிறகு படிவத்தில் எழுதினாள். ‘தடுப்பில் பழுது. காரணம், நண்டு.’

“உன் தடுப்பு மேல நீயே குறை எழுதுறியேம்மா” என்றார் ஜேக்கப் சார்.

“ஓட்டையப் பாத்துட்டு எப்டி சார் இல்லேன்னு எய்துறது?”

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். “ஒரு இடம் காலியா இருக்கே” என்று திருப்பிக் கொடுத்தார். மழையின் அளவு. செங்கொடி மேட்டை அண்ணாந்து பார்த்தாள். காலிக் குடங்களோடு தெரு மொத்தமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரல் நீட்டி எண்ணினாள். இந்த முறை சைபர் போடவில்லை. ‘நாற்பத்தாறு குடம்’ என்று எழுதினாள்.

ஜேக்கப் சார் குடையை மடக்கினார். அந்த இடத்துக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த ‘மில்லிமீட்டர்’ என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.